காலண்டர் அட்டையில் என் மகள்

ஜனவரி 2

இருபது வருடங்களுக்கு முன்னால் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி என்னிடம் கேட்ட கேள்வி இன்று காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஞாபகம் வந்தது. அவள் பெயர் முனீஸ்வரி. அப்பாவுக்கு அச்சகத்தில் வேலை. எங்கள் சிவகாசிப் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போடக் கடையில் தாள் வாங்குவதில்லை. அச்சகத்தில் வீணாய்ப் போன காலண்டர் தாள்களைக் கொண்டுவந்து போடுவார்கள். திருத்துவதற்காக என் மேசையில் அடுக்கியிருக்கும் அறிவியல் நோட்டுகளில் பாதி சாமி படம், கொஞ்சம் குழந்தைப் படம், மீதி ஆணும் பெண்ணுமாக நிற்கும் படம். முனீஸ்வரி அதில் ஆறேழு நோட்டுகளைப் பிரித்தெடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பிவிட்டுக் கேட்டாள்.

“சார், எல்லாப் படத்துலயும் பொம்பளை ஆம்பளையவே பாத்துக்கிட்டிருக்கா. ஆம்பளை நம்மளப் பாக்குறான். ஏன் சார்?”

“கல்லீரல் எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்டா முழிக்கிற. காலண்டர்ல கேள்வியோ?” என்றேன். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு நோட்டுகளை அடுக்கி வைத்தாள்.

கெட்டிக்காரப் பெண். படம் வரையும்போது தாளின் ஒரு பாதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மறுபாதியை மட்டும் பார்க்கச் சொல்வேன். முழுப் படத்தையும் பார்த்தால் கண் தனக்கு முன்பே தெரிந்ததைத்தான் பார்க்கும். அங்கே இருப்பதைப் பார்க்காது. தவளையின் குடலை அந்த முறையில் பிசகில்லாமல் வரைந்தவள் அவள் ஒருத்திதான்.

இதெல்லாம் ஞாபகம் வரக் காரணம் கூடத்தில் மாட்டியிருக்கும் புதுக் காலண்டர். பஜாரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர் என் பழைய மாணவர். சீர்ப் பாத்திரம் வாங்கியவர்களில் ஒரு புதுத் தம்பதியின் படத்தைத் தினசரிக் காலண்டர் அட்டையில் போடலாம் என்று யோசித்து, ஆவணியில் நடந்த எங்கள் மகள் மலரின் கல்யாணப் படத்தைக் கேட்டார். கொடுத்தேன். கையெழுத்தும் போட்டேன். ஐப்பசியில் அச்சகத்திலிருந்து கூப்பிட்டு, ஒரு சின்ன விஷயம் கேட்டார்கள். சரி என்றேன்.

மயில் கழுத்து நிறப் பட்டில் மலர். பக்கத்தில் மாப்பிள்ளை ரத்தினகுமார், அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி. முன்னால் குத்துவிளக்கும் செப்புக் குடமும். மலர் மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்க்கிறாள். அவர் நம்மைப் பார்க்கிறார். நாற்பது காலண்டர்களை நானே வாங்கி, தெருவிலும் உறவிலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் ஓய்வுபெற்ற பள்ளியின் ஆசிரியர் அறையில்கூட ஒன்று தொங்குகிறது.

ஜனவரி 15

தலைப் பொங்கல். மகளும் மாப்பிள்ளையும் மதுரையிலிருந்து வந்தார்கள். மலர் உள்ளே நுழைந்ததும் காலண்டரைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

“இது யாருப்பா?” என்றாள்.

கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். “நான் இப்படியா பாத்தேன்?” என்று மறுபடியும் கேட்டாள். அதற்குள் என் மனைவி ராஜகனி ஆரத்தித் தட்டோடு வந்துவிட்டாள்.

மாப்பிள்ளைக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. அலுவலகத்துக்கென்று பாத்திரக் கடையில் பத்துக் காலண்டர் கேட்டு வாங்கிக்கொண்டார். “கண்ணப் பாருங்க மாமா, எப்படி உருகுறா! வீட்ல ஒரு நாளாவது என்னைய இப்படிப் பாத்திருப்பாளா?” என்றார். எல்லோரும் சிரித்தோம். மலர் அடுப்படிக்குப் போனாள்.

கரும்பு இந்த வருடம் நல்ல இனிப்பு.

பிப்ரவரி 11

மலர் போன் செய்தாளாம். அவள் அம்மாதான் பேசினாள். நான் மாடியில் தொட்டி கழுவிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9

மத்தியானம் மலர் வந்தாள். தனியாக, ஒரு பையோடு. முன்கூட்டிச் சொல்லவில்லை. “நாலு நாள் இருந்துட்டுப் போறேம்பா” என்றாள். முகம் வாடியிருந்தது. வெயிலில் பஸ்ஸில் வந்தால் யாருக்கும் வாடத்தான் செய்யும்.

மார்ச் 16

நாலு நாள் ஏழு நாளாயிற்று. இன்று ராஜகனி என்னை மாடிக்குக் கூட்டிப்போய்த் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள். மாப்பிள்ளை கை நீட்டுகிறாராம். முதல் தடவை தீபாவளிக்கு முன்பே நடந்ததாம். பொங்கலுக்கு வந்தபோதே அம்மாவிடம் சொன்னாளாம்.

“என்கிட்ட ஏன் சொல்லல?” என்றேன்.

“சொன்னா என்ன சொல்லுவீங்கன்னு தெரியும்ல” என்றாள் ராஜகனி. ஈரச் சட்டையை உதறினாள்.

யோசித்துப் பார்த்தேன். ஜூன் மாதம் புதிதாக ஒரே பெஞ்சில் உட்காரவைத்த இரண்டு பிள்ளைகள் முதல் மாதம் அடித்துக்கொள்ளும். ஸ்கேலை ஒடிக்கும். காலாண்டுத் தேர்வு வருவதற்குள் ஒரே டப்பாவில் சாப்பிடும். முப்பத்தைந்து வருடம் பார்த்திருக்கிறேன். பெஞ்சை மாற்றித் தருகிறேன் என்று நான் அவசரப்பட்டதே இல்லை.

சாயங்காலம் டிவியில் ஒரு தொடர். கதாநாயகன் மனைவியை ஓங்கி அறைகிறான். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தன் தவறை உணர்கிறாள். பின்னால் வீணை வாசிக்கிறார்கள். ராஜகனி சேனலை மாற்றினாள். அங்கே ஒருத்தி கணவனின் வயிற்றுக்கு ஏற்ற எண்ணெய் எது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். ராஜகனி டிவியையே அணைத்துவிட்டாள்.

மார்ச் 27

வாசல் தெளிக்கிற நேரத்தில் எதிர் வீட்டுப் பெண் வந்து, “காலண்டர்ல தெனம் பாத்துக்கிட்டே இருக்கோம். ஊர்க்கண்ணு பட்ருச்சு, சுத்திப் போடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். நாங்கள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது.

போன வாரம் பருப்பு வாங்கப் பலசரக்குக் கடைக்குப் போன மலர் வெறும் பையோடு வந்துவிட்டாள். தராசுக்கு மேலே அந்தக் காலண்டர் தொங்குகிறதாம். அந்தக் கடைக்காரருக்கும் நான்தான் கொடுத்தேன். அன்றிலிருந்து அவள் வெளியே போவதில்லை.

நம் வீட்டுக் காலண்டரையாவது கழற்றட்டுமா என்று ராஜகனி கேட்டாள். ஆணி மட்டும் தெரிந்தால் வருகிறவர்கள் கேட்பார்களே என்றேன். அது அங்கேயே இருக்கிறது.

ஏப்ரல் 13

இன்று பேச்சுவார்த்தை. சம்பந்தம் கொண்டுவந்தவர் ராஜகனியின் அண்ணன் தர்மராஜ் மச்சான். அவரே மாப்பிள்ளையின் அப்பாவையும் அழைத்து வந்தார். கூடத்தில் உட்கார்ந்தோம். மலர் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

சம்பந்தி நல்ல மாதிரிதான் பேசினார். பையனுக்கு வேலையில் நெருக்கடி, இனிமேல் நடக்காது, நான் பொறுப்பு என்றார். மலர், “மாட்டேன்” என்று மட்டும் சொன்னாள். மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. சுவரைக் காட்டினார்.

“இந்தா தொங்குதுல்ல சாட்சி. ஊரே பாத்துக்கிட்டிருக்கு. இப்படிப் பாக்குற பிள்ள வாழ மாட்டேன்னா எவன் நம்புவான்?”

“நான் அவரப் பாக்கல மாமா,” என்றாள் மலர். “அன்னைக்கும் பாக்கல.”

வீம்புக்குச் சொல்கிறாள் என்று அவர்கள் நினைத்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் மச்சான் என் பக்கம் திரும்பினார். “வாத்தியாரே, நீங்க சொல்லுங்க. உங்க வாக்குத்தான்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மலரும் பார்த்தாள். “ஒரே ஒரு தடவ போய்ப் பாரும்மா” என்றேன்.

நாளை வருடப் பிறப்பு. வேப்பம்பூ பறித்து வைக்க வேண்டும்.

ஏப்ரல் 17

நானே கொண்டுபோய் விட்டேன். மதுரை வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். வழியெல்லாம் விளம்பரப் பலகைகள். நகைக் கடைப் பலகையில் ஒருவன் பெண்ணின் கழுத்தில் ஆரம் மாட்டுகிறான். அவள் கண்ணை மூடியிருக்கிறாள். வீட்டுமனைப் பலகையில் ஒருவன் தூரத்தில் எதையோ சுட்டுகிறான். அவள் அவன் விரலைப் பார்க்கிறாள். முனீஸ்வரியின் கேள்வி மறுபடி வந்தது. நான் அதை நினைக்க விரும்பவில்லை.

பஸ் நிலையத்தில் டீ குடிக்கும்போது மலர் கேட்டாள். “அப்பா, அந்தப் போட்டோ எடுக்கையில நீங்க கேமராக்காரர் பக்கத்துலதான நின்னீங்க?”

ஆமாம் என்றேன்.

“நான் உங்களத்தான் பாத்தேன்.”

டீ ஆறுகிறது என்றேன். வீட்டு வாசலில் மாப்பிள்ளை பையை வாங்கிக்கொண்டார். மரியாதையாகத்தான் இருந்தார். அவளுக்குப் பிடிக்குமே என்று வாங்கியிருந்த கொய்யாப்பழத்தைத் திரும்பி வரும் பஸ்ஸில்தான் என் பையில் பார்த்தேன்.

மே 2

மலர் போனில் நன்றாக இருக்கிறேன் என்றாள். இரண்டு முறை சொன்னாள்.

மே 25

மலர் வந்துவிட்டாள். வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டுப் போனேன். இந்த முறை பைகூட இல்லை. ராஜகனி அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். நான் வெளியில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் எடுக்க வந்த ராஜகனி என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

“இனி யாராவது வந்து பேசினா நான் பதில் சொல்லிக்கிடுறேன். நீங்க பேசாதீங்க.”

ஜூன் 8

பள்ளிகள் திறந்துவிட்டன. வாசலில் யூனிஃபார்ம் பிள்ளைகள் போவதைப் பார்த்தால் மனதுக்குக் கொஞ்சம் நன்றாக இருக்கிறது.

மலர் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். டிவியை மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி வைக்கிறாள். இரண்டு முறை குறைக்கச் சொன்னேன். நான் கூப்பிட்டால் சில சமயம் பதிலே இல்லை. பேசும்போது தலையைச் சாய்த்துக் கேட்கிறாள், மைனா ஒன்று மதில் மேல் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி. சின்ன வயதில் இந்தப் பழக்கம் கிடையாது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஜூன் 14

குக்கர் ஏழெட்டு விசில் அடித்துப் பருப்பு தீய்ந்துவிட்டது. மலர் அடுப்படியிலேயே கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். “கவனம் எங்கம்மா இருக்கு?” என்று சத்தம் போட்டுவிட்டேன். வகுப்பில்கூட நான் சத்தம் போட்டதில்லை.

ஜூன் 21

டிவியில் ஒரு சோப்பு விளம்பரம். கணவன் சட்டைக் காலரைப் பார்த்து முறைக்கிறான். மனைவி பயந்துபோய் நிற்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி புது சோப்பைக் கொடுக்கிறாள். மறுநாள் அவன் மனைவியை அப்படியே தூக்கிச் சுற்றுகிறான்.

மலர் சிரித்தாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

“தப்பு என் மேலதாம்ப்பா. சோப்ப மாத்தியிருக்கணும்.”

நானும் சிரித்தேன். பிறகு எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டேன்.

ஜூலை 12

இன்றைக்கு நடந்ததை முழுவதுமாக எழுத வேண்டும்.

காலையில் முனீஸ்வரி போன் செய்தாள். அவள் இப்போது ஒரு பெரிய அச்சகத்தில் கம்ப்யூட்டரில் காலண்டர் டிசைன் செய்கிறாள் என்பது எனக்குத் தெரியும். ஐப்பசியில் நான் போனதும் அங்கேதான். “சார், கொஞ்சம் வந்துட்டுப் போங்க. போன்ல சொல்ல வேண்டாம்” என்றாள்.

எங்கள் ஊரில் அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளை ஒரு ஆல்பமாகக் கட்டி, ஆடிப் பதினெட்டு அன்று பூஜை போட்டு வெளியிடுவார்கள். அதைப் பார்த்துத்தான் எல்லா ஊர்க் கடைக்காரர்களும் படத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். பாத்திரக் கடைக் காலண்டர் நல்ல பெயர் வாங்கியதால் மலர் படத்தை ஆல்பத்தில் சேர்க்க முதலாளி முடிவு செய்திருக்கிறார். நான் போட்டுக் கொடுத்த கையெழுத்து அதற்கும் செல்லும். சிவகாசிக்குள் இருந்தது இனி தமிழ்நாடு முழுக்கப் போகும்.

“தங்கச்சி விஷயம் கேள்விப்பட்டேன் சார். அதான் மனசு கேக்கல,” என்றாள்.

பிறகு கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திறந்தாள். கல்யாணத்தில் எடுத்த மூலப் படம். அதை ஐப்பசியிலும் பார்த்திருக்கிறேன். அதில் மலர் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அன்று அச்சகத்தில் என்னிடம் கேட்ட சின்ன விஷயம் அதுதான். பொண்ணு எங்கேயோ பாக்குது, மாப்பிள்ளையப் பாக்குற மாதிரி கண்ணை மாத்திக்கலாமா, லேசா ஒரு சிரிப்பும் வச்சுக்கலாமா என்று கேட்டார்கள். மாத்துங்க, அதுதான் லட்சணம் என்றேன். இதை இதுவரை இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை.

“நீங்க அப்ப அவசரமாப் பாத்தீங்க சார். இப்பப் பாருங்க,” என்று சொல்லிவிட்டு, முனீஸ்வரி தன் உள்ளங்கையால் திரையில் ரத்தினகுமாரின் முகத்தை மூடினாள். “நீங்க சொல்லிக் குடுத்ததுதான்.”

பார்த்தேன்.

மலரின் கண் கேமராவுக்கு வலது பக்கம் நிற்கும் ஒருவரைப் பார்க்கிறது. அங்கே நின்றவன் நான். அன்றைக்கு நானும் அவளைப் பார்த்தேன். பிறந்த வீட்டைப் பிரிகிற கலக்கம் என்று நினைத்து, தலையாட்டிச் சிரித்துவைத்தேன். அது கலக்கம் இல்லை. பரீட்சைத் தாளில் தெரியாத கேள்வி வந்ததும் பிள்ளைகள் நிமிர்ந்து வாத்தியாரைப் பார்க்குமே, அந்தப் பார்வை.

முனீஸ்வரி கையை எடுத்து, படத்தில் கீழே சுட்டிக் காட்டினாள். மணிக்கட்டு. நாலு விரல்களும் அழுந்திய இடத்தைச் சுற்றித் தோல் வெளுத்திருக்கிறது. அழுத்தினால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் நிற்கும், தோல் வெளுக்கும். எட்டாம் வகுப்புப் பாடம். பிள்ளைகளின் நகத்தை அழுத்திக் காட்டி எத்தனை முறை நடத்தியிருக்கிறேன்.

முனீஸ்வரி தண்ணீர் கொடுத்தாள். “உன் கேள்விக்கு அன்னைக்கு நான் பதில் சொல்லலம்மா” என்றேன்.

அவளுக்கு எந்தக் கேள்வி என்று தெரிந்திருந்தது. “பதில் இங்க வேலைக்கு வந்த பெறகு தெரிஞ்சுக்கிட்டேன் சார். பொண்ணு நேராப் பாத்தா, என்ன இவ மொறைக்கிறாங்கிறாங்க. ஆர்டர் வராது. பத்து வருசமா நான் பொம்பளைங்க கண்ணத் திருப்பிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

வீட்டுக்கு வந்து மலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மாற்றச் சொன்னது நான்தான் என்றும் சொன்னேன். அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. கல்யாண மேடையில் கல்லூரித் தோழி சொன்ன ஏதோ வேடிக்கைக்கு அவள் சிரித்ததற்காக ரத்தினகுமார் கையை அப்படி இறுக்கினானாம். “ஊரப் பாத்துச் சிரிக்காத” என்றானாம்.

“பொங்கலுக்கு வந்து இந்தப் படத்தப் பாத்ததும் எனக்கே சந்தேகம் வந்துருச்சுப்பா. நாந்தான் தப்பா ஞாபகம் வச்சிருக்கேனோன்னு.”

ஜூலை 13

கழற்றிவிட்டேன். ஆணி தெரிகிறது. தெரியட்டும்.

ஜூலை 15

காலையில் மலர் சன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது பக்கம் நின்று மெதுவாகக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. என் பழைய கைக்கடிகாரத்தை எடுத்து, வகுப்பில் செய்து காட்டுவது போல, இடது காதுக்குப் பக்கத்தில் பிடித்தேன். டிக் டிக் என்று எனக்கே கேட்டது. அவள் சீப்பு நிற்கவில்லை. வலது பக்கம் கொண்டுபோனேன். “என்னப்பா?” என்றாள்.

முப்பத்தைந்து வருடம் காதின் படத்தைக் கரும்பலகையில் வரைந்தவன். மைனா என்று எழுதியிருக்கிறேன்.

ஜூலை 16

டாக்டர் பார்த்தார். மே மாதம் விழுந்த அடி. செவிப்பறை கிழிந்து, சீழ் வைத்து, உள்ளே போயிருக்கிறது. ஆபரேஷன் செய்தாலும் இடது காதில் பழையபடி வராது என்றார். “மொத வாரத்துலயே கூட்டிட்டு வந்திருந்தா வேற மாதிரி இருந்திருக்கும் சார்.”

முதல் வாரத்தில் நான் டிவியைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று வெளியே வந்ததும் மலரிடம் கேட்டேன். “எதச் சொன்னாலும் நாலு பேர் உக்காந்து பேசுவீங்க” என்றாள். குரலில் கோபம் இல்லை. வலது காது என் பக்கம் இருக்கும்படி இடம் மாறி நடந்தாள்.

ஜூலை 24

ஆல்பத்திலிருந்து படத்தை எடுக்க வேண்டுமென்றால் காரணத்தோடு எழுதித் தர வேண்டும் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். நேற்று ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று எழுதினேன். மலர் படித்துவிட்டு மடித்து மேசையில் வைத்தாள். எனக்குப் புரிந்தது.

இன்று புதிதாக எழுதியது இது:

‘இந்தப் படத்தில் இருப்பது நடந்தது அல்ல. என் மகள் தன் கணவரைப் பார்க்கவில்லை. கை வலித்ததால் என்னைப் பார்த்தாள். அவள் கண்களை மாற்ற அனுமதி கொடுத்தவன் நான். அவர் அடித்ததில் அவளுக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது. ஆகவே இந்தப் படத்தை யார் வீட்டுச் சுவருக்கும் அனுப்ப வேண்டாம்.’

கீழே கையெழுத்துப் போட்டு, பால்வண்ணன், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று எழுதினேன். மலருக்காக வழக்குப் போடும் வக்கீலிடமும் ஒரு நகல் கொடுத்திருக்கிறோம். தர்மராஜ் மச்சானுக்கு விஷயம் தெரிந்து, வாத்தியார் தன் வாயாலேயே குடும்பத்தைச் சந்தியில் நிறுத்திவிட்டார் என்று சொல்லித் திரிகிறாராம். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. ஊர் முழுக்கச் சாம்பிராணி வாசனை. அச்சகத்துக்குப் போய் ஆல்பத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். மலர் படம் இல்லை. அந்த இடத்தில் வேறொரு ஜோடி. அதே குத்துவிளக்கு, அதே குடம். பட்டின் நிறம் மட்டும் அரக்கு. அந்தப் பெண் அவனைப் பார்க்கிறாள். அவன் என்னைப் பார்க்கிறான்.

முனீஸ்வரியை நிமிர்ந்து பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “யாரு பெத்த பிள்ளையோ சார்,” என்றாள்.

ஆகஸ்ட் 19

நான் கொடுத்த நாற்பது காலண்டர்களையும் திரும்ப வாங்க ஆரம்பித்திருக்கிறேன். பதிலுக்கு மலைப் படமோ பூப் படமோ போட்ட காலண்டர் கொடுக்கிறேன். முனீஸ்வரி எடுத்து வைத்திருந்தாள். பாதிப் பேர் ஒன்றும் கேட்காமல் கழற்றித் தருகிறார்கள். சிலர் காரணம் கேட்கிறார்கள். உள்ளதைச் சொல்கிறேன். பலசரக்குக் கடைக்காரர் கேட்டுவிட்டு, தராசை நிறுத்தி, ஸ்டூல் போட்டு ஏறித் தானே கழற்றினார்.

எதிர் வீட்டுப் பெண் மட்டும் தர மாட்டேன் என்றாள். சிலிண்டர் பதிய வேண்டிய தேதி, மகளுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டிய தேதி எல்லாம் அதில் எழுதி வைத்திருக்கிறாளாம். “தாளு எனக்கு வேணும் சார்” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, சாமி அலமாரியிலிருந்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்து, அட்டையில் இரண்டு முகங்களும் மறைகிற மாதிரி ஒட்டினாள். “இப்பப் போதுமா?” என்றாள். போதும் என்றேன்.

இதுவரை முப்பத்தொன்று.

அக்டோபர் 6

மலர் பக்கத்துத் தெரு மழலையர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகளை எல்லாம் தன் வலது பக்கம் உட்கார வைத்துக் கதை சொல்கிறாளாம். வழக்கு நடக்கிறது.

டிசம்பர் 31

எல்லா வீட்டிலும் இன்று பழைய காலண்டரைக் கழற்றுகிறார்கள். மிச்சம் தொங்கியவையும் இன்றோடு போகும். வருடம் முழுக்க இந்த நாளுக்காகக் காத்திருந்தேன். வந்த பிறகு பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. மலர் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குக் காகிதப் பூ வெட்டிக்கொண்டிருந்தாள். இடது பக்கமாக வந்து கூப்பிட்டுவிட்டேன். இன்னமும் மறந்துவிடுகிறது. பிறகு சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனேன்.

அலமாரியைத் துடைக்கும்போது எங்கள் கல்யாணப் படம் கிடைத்தது. ஸ்டுடியோவில் எடுத்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ராஜகனி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என் முகத்தை உள்ளங்கையால் மூடினேன். முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவளை மட்டும் பார்த்தேன். பத்தொன்பது வயதுப் பெண். குனிந்து தரையைப் பார்க்கிறாள்.

படத்தைக் கொண்டுபோய் அடுப்படியில் காட்டி, “அன்னைக்கு என்ன பாத்துக்கிட்டிருந்த?” என்று கேட்டேன்.

ராஜகனி கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். “போட்டோக்காரரு குனியச் சொன்னாரு, குனிஞ்சேன்,” என்றாள். “நிமிரச் சொல்ல மறந்துட்டாரு போல.”

படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

இந்த நோட்டு யார் கைக்காவது வந்தால், அவர்களுக்கு ஒரு சின்ன வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் மாட்டியிருக்கும் கல்யாணப் படம் ஒன்றைக் கீழே இறக்குங்கள். ஆணின் முகத்தை உள்ளங்கையால் மூடுங்கள். அவள் எங்கே பார்க்கிறாள் என்று ஒரு நிமிடம் பாருங்கள்.